இன்னொரு பார்க்கிங் கட்டினால் கூட்டம் தீருமா?

கேள்வி: எங்களுடையது கடலோரச் சிற்றூர். சுமார் 6,000 பேர் வசிக்கிறோம். நான் முதல்முறையாக நகர மன்றத்துக்குத் தேர்வான உறுப்பினர். ஞாயிறோ விடுமுறை நாளோ வந்தால் ஊரே திணறுகிறது. காலை பத்தரைக்குக் கார்கள் வரத் தொடங்கும்; மாலை ஐந்தரைக்கு எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். இரவு தங்குகிறவர்கள் மிகக் குறைவு. வீட்டு வாசலை மறித்து வண்டி நிற்கிறது. போன மாதம் ஓர் ஆம்புலன்ஸ் இருபது நிமிடம் சிக்கிக்கொண்டது. திங்கள் காலையில் கடற்கரையைப் பார்க்கச் சகிக்காது. ஆனால் கடற்கரைத் தெருக் கடைக்காரர்கள் இந்தக் கூட்டத்தை நம்பித்தான் பிழைக்கிறார்கள். இப்போது மன்றத்தில் இரண்டு தீர்மானங்கள் வருகின்றன: மணல்மேட்டுக்குப் பின்னால் 500 கார் நிற்கும்படி புதிய பார்க்கிங், வருகிற எல்லாரிடமும் நுழைவுக் கட்டணம். அடுத்த மாதம் வாக்கெடுப்பு. நான் எப்படி வாக்களிக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள உறுப்பினருக்கு,

பார்க்கிங் தீர்மானத்தை எதிர்த்து வாக்களியுங்கள். நுழைவுக் கட்டணத்தை ஒத்திவைக்கச் சொல்லுங்கள். பதில் அவ்வளவுதான். ஆனால் மன்றத்தில் எழுந்து நின்றால் ‘ஏன்’ என்று கேட்பார்கள் அல்லவா? மீதிக் கடிதம் அதற்காக.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், உங்கள் ஊரைப் போன்ற ஓர் ஊருக்கு நானே ஒரு பார்க்கிங் வரைந்து கொடுத்தேன். நிழலுக்கு மரம், நடப்பவர்களுக்குத் தனிப்பாதை, மழைநீர் இறங்க சல்லித் தரை என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. திறந்த முதல் சீசனில் தெருக்கள் காலியாகின. எனக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது. இரண்டாவது சீசனில் பார்க்கிங்கும் நிறைந்தது, தெருக்களும் பழையபடி நிறைந்தன. ‘அங்கே போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது’ என்று அதுவரை வீட்டிலேயே இருந்தவர்கள் எல்லாரும் கிளம்பி வந்துவிட்டார்கள். இடம் கிடைக்காது என்ற அந்தப் பேச்சுதான் அவ்வளவு நாளும் ஊருக்குக் கதவாக இருந்திருக்கிறது. அதை நான் கழற்றி வைத்துவிட்டேன்.

கடற்கரையில் எத்தனை பேர் நிற்கலாம் என்று கணக்குப் போடும் அறிக்கைகள் ஏராளம் உண்டு. நடைமுறையில், காரில் வந்து போகிற ஓர் ஊரின் கூட்டத்தை நிர்ணயிப்பது வண்டி நிறுத்தும் இடம்தான். உங்கள் தீர்மானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 500 கார், காருக்கு 3 பேர் என்றால் 1,500 பேர். காலையில் ஒருமுறை, மதியத்துக்கு மேல் ஒருமுறை என இரண்டு தடவை நிறைந்தால் 3,000 பேர். உங்கள் மக்கள்தொகையில் பாதி. இப்போது வருகிறவர்களுக்கு மேல் இந்தப் பாதி. பார்க்கிங் திட்டத்தோடு சேர்த்து இவர்களுக்கான கழிவறை, குடிநீர், குப்பை வண்டி, கடலில் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்கியிருக்கிறார்களா? மன்றத்தில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஒதுக்கியிருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டத் தயார்.

அந்த இடமும் சரியில்லை. மணல்மேட்டின் பின்பக்கம் வெறும் காலி நிலம்போலத் தெரியும். ஆனால் கொடியும் புல்லும் வேரோடிப் பிடித்து வைத்திருப்பதால்தான் அந்த மேடு நிற்கிறது. பார்க்கிங் பின்னால், கடல் முன்னால் என்றால் ஆயிரக்கணக்கான கால்கள் குறுக்கு வழியாக மேட்டின் மேலேயேதான் ஏறி இறங்கும். மிதிபட்ட இடத்தில் கொடி காயும். காய்ந்த இடத்தில் காற்று மணலை வாரும். ஒற்றையடிப் பாதை பள்ளமாகி, பள்ளம் வாயாகி, புயல் நாளில் கடல் அந்த வாய் வழியாகத்தான் உள்ளே வரும். மரப்பலகை நடைபாதை போட்டால் ஓரளவு தடுக்கலாம். ஆனால் அதைப் பராமரிக்கவும் வேலியைத் தாண்டாமல் பார்க்கவும் ஆள் வேண்டும். புயலுக்கும் ஊருக்கும் நடுவே கிடைத்த இலவசச் சுவரை ஓட்டை போட்டுவிட்டு அப்புறம் கருங்கல் கொட்டுவது என் கணக்கில் கெட்டிக்காரத்தனம் இல்லை.

‘பார்க்கிங் கட்டாவிட்டால் தெருக்கள் இன்னும் மோசமாகுமே?’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி. தெருக்களைத் திறந்துபோட்டுவிட்டுப் பார்க்கிங்கை மட்டும் மறுத்தால் நீங்கள் தோற்பீர்கள். இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்: உள்தெருக்களில் ஞாயிறு, விடுமுறை நாட்களில் உள்ளூர் அனுமதி வில்லை ஒட்டிய வண்டிகள் மட்டும், பிரதான சாலையின் ஒரு பக்கம் முழுவதும் நிறுத்தத் தடை, ஆம்புலன்ஸ் போவதற்காக. தடைப் பலகை நட்டால் போதாது. முதல் ஆறு வாரம் காலை பத்து மணிக்கே ஆள் நின்று வண்டிகளைத் திருப்ப வேண்டும். முதல் வாரம் சண்டை வரும், மூன்றாம் வாரம் முணுமுணுப்பாகும், ஆறாம் வாரம் செய்தி பரவிவிடும். நடுவில் ஒரு ஞாயிறு தளர்த்தினால் மறுபடி முதல் வாரம்தான்.

திருப்புவதை ஊருக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். நெடுஞ்சாலையிலிருந்து உங்கள் ஊருக்குப் பிரியும் முனையில் ‘கடற்கரை பார்க்கிங் நிறைந்துவிட்டது’ என்று பலகை வைக்க வேண்டும். மின்னணுப் பலகை வாங்கப் பணம் இல்லையா, ஒருவர் கையில் பலகையும் இன்னொருவர் கையில் அலைபேசியும் போதும். அதைவிட நல்லது, வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே தெரிவது. நகர மன்றத்தின் பக்கத்தில் ஞாயிறு காலை ஒவ்வொரு மணிக்கும் ‘இத்தனை இடம் மீதி’ என்று பதிவிடுங்கள். இரண்டு மணி நேரம் ஓட்டி வந்தவர் திரும்பிப் போக மாட்டார், எங்கேயாவது நுழைத்துவிடுவார். கிளம்பாதவரைத் தடுக்க ஒரு வரி போதும்.

இருக்கிற பார்க்கிங்கில் கட்டணம் எப்படி வைப்பது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. மணிக்கணக்கில் வாங்காதீர்கள். மணிக்கணக்கு வைத்தால் ஒரு மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், அந்த இடத்தில் அடுத்த கார் நிற்கும், சாலையில் வண்டி ஓட்டம் இரட்டிக்கும். கடைக்காரருக்கும் லாபமில்லை. வந்து சேரும் நேரத்தை வைத்து வாங்குங்கள்: காலை ஒன்பதுக்கு முன் வந்தாலும், மாலை மூன்றுக்குப் பின் வந்தாலும் குறைவு, பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் வந்தால் அதிகம். ஒருமுறை கட்டிவிட்டால் நாள் முழுக்க இருக்கலாம். ஊருக்கு வலி கொடுப்பது அன்றைய மொத்த எண்ணிக்கை அல்ல, ஒரே நேரத்தில் ஊருக்குள் இருப்பவர்களின் எண்ணிக்கை. 5,000 பேர் காலையிலிருந்து இரவு வரை பரவி வந்தால் ஊர் சமாளித்துவிடும். அதே 5,000 பேர் உச்சி வேளையில் குவிந்தால்தான் ஆம்புலன்ஸ் நிற்கிறது.

ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்று ஏரிக்கரைக் கிராமம் ஒன்று உண்டு. கடல் இல்லை, ஆனால் நோய் இதேதான். குடியிருப்பவர்கள் 800 பேர்கூட இல்லை. பேருந்து பேருந்தாக வந்து இறங்கிப் படம் எடுத்துவிட்டுப் போவார்கள். 2020இலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும் என்று வைத்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது இன்னொரு விதி: வந்த பேருந்து குறைந்தது இரண்டரை மணி நேரமாவது நிற்க வேண்டும். சீக்கிரம் போ என்று துரத்தாமல், வந்தால் இருந்துவிட்டுப் போ என்கிறார்கள். ஓடி ஓடிப் பார்க்கிறவர் குறைவார், இருக்கிறவர் கடையில் உட்காருவார். உங்கள் ஊருக்குப் பேருந்துகள் வருகின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. வந்தால் முதல் விதி இதுவாக இருக்கட்டும். ஐம்பது கார்களைவிட ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு பேசுவது எளிது.

வாங்கிய பணம் எங்கே போகிறது என்பது கட்டணத்தை விடப் பெரிய விஷயம். அமெரிக்க நகரத் திட்டமிடல் பேராசிரியர் டொனால்ட் ஷூப் வாழ்நாள் முழுக்க பார்க்கிங்கை ஆராய்ந்தவர். எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும்படி விலை வை, வாங்கிய பணத்தை அந்தத் தெருவுக்கே செலவழி என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். பொதுக் கருவூலத்தில் கலந்துவிட்டால் யாருக்கும் கண்ணில் படாது. ‘இந்தத் தெருவின் விளக்கும் வடிகாலும் போன சீசனின் பார்க்கிங் பணம்’ என்று தெரிந்தால், வாசலை மறித்தார்கள் என்று கொதித்தவர்களே கட்டணத்துக்கு ஆதரவாகப் பேசுவார்கள்.

இப்போது நுழைவுக் கட்டணத்துக்கு வருவோம். உங்கள் மன்றத்தில் யாரோ வெனிஸைப் படித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வெனிஸ் நகரம் 2024இல் காலையில் வந்து மாலையில் போகிறவர்களிடம் 29 நாட்களுக்கு மட்டும் தலைக்கு 5 யூரோ வாங்கியது. 20 லட்சம் யூரோவுக்கு மேல் வசூலானது. கூட்டம் குறைந்ததா என்றால், கண்ணுக்குத் தெரிகிற அளவில் இல்லை. அடுத்த ஆண்டு 54 நாட்களாக்கி, கடைசி நேரத்தில் பதிகிறவர்களுக்கு 10 யூரோ என்று உயர்த்தினார்கள். ரயில் கட்டணமும் நாள் முழுக்கச் செலவும் செய்து வருகிறவருக்கு 5 யூரோ ஒரு தடையே இல்லை. வருமானத்துக்காக என்றால் வாங்குங்கள். கூட்டத்தைக் குறைக்க என்று சொல்லி வாங்காதீர்கள். இன்னொன்று, வெனிஸுக்குள் நுழையும் வழிகள் எண்ணிவிடக்கூடியவை. உங்கள் ஊருக்கு எத்தனை சாலை? வேலைக்கு வருகிறவர், உறவினர் வீட்டுக்கு வருகிறவர், மீன் வாங்க வருகிற வியாபாரி ஆகிய அத்தனை பேருக்கும் விலக்குச் சீட்டு கொடுத்து, அதைச் சரிபார்க்க ஆள் போட்டால், வசூலில் பெரும்பங்கு வசூலிப்பதற்கே போய்விடும்.

எண்ணிக்கைக்கு வரம்பு போட்டு வென்ற இடங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் பூட்டக்கூடிய ஒரு வாசல் இருந்தது. பிரான்சின் போர்க்கரோல் தீவில் 2021இலிருந்து கோடையில் நாளைக்கு 6,000 பேர்தான். தீவு என்பதால் படகுச் சீட்டை நிறுத்தினால் போதும். மார்செய் அருகே சுகிட்டோன் என்ற சிறு குடாவில், மக்கள் மிதித்து மிதித்து மண் அரித்து மரவேர்கள் வெளியே தெரிந்ததால், 2022 கோடையிலிருந்து முன்பதிவு செய்த 400 பேருக்கு மட்டும் அனுமதி. முன்பதிவு இலவசம். பணம் வாங்காமலே கூட்டத்தைக் குறைத்துவிட்டார்கள் என்பதை உங்கள் நிதிக்குழுவுக்குச் சொல்லுங்கள். ஹவாயின் ஹனாமா விரிகுடா முன்பதிவு வாங்குகிறது, பவளப்பாறை மேல் நிற்காதே என்று ஒரு காணொளியை எல்லாரையும் பார்க்க வைக்கிறது, திங்கள் செவ்வாய் இரண்டு நாளும் மூடிவிடுகிறது. கடலுக்கும் வாரவிடுமுறை. உங்கள் ஊரில் இப்படி ஒரே பாதை உள்ள சிறு குடாவோ பாறை முனையோ இருந்தால் அதற்கு மட்டும் முன்பதிவு வையுங்கள். முழு ஊருக்கும் வேலி போட நினைக்காதீர்கள்.

இனி யாரும் பேச விரும்பாத விஷயம்: கழிவறை. பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவை 2018 ஏப்ரல் 26இல் அரசு ஆறு மாதம் மூடியது. கூட்டம் அதிகம் என்பதைவிட, விடுதிகளின் கழிவுநீர் நேராகக் கடலில் கலந்ததுதான் உடனடிக் காரணம். ஆறு மாதம் ஒரு தீவின் பிழைப்பே நின்றது. உங்கள் ஊரின் செப்டிக் டேங்குகளும் சுத்திகரிப்பு நிலையமும் 6,000 பேரை நினைத்துக் கட்டியவை. ஞாயிறு மதியம் அது எத்தனை பேரைச் சுமக்கிறது என்று பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் ‘சமாளிக்கிறோம்’ என்பார்.

கிணறுகளையும் மறக்காதீர்கள். கடலோர நிலத்தடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நூறாண்டுகளுக்கு முன்பே கெய்பன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டு சொன்ன விதி ஒன்று உண்டு: மேலே நன்னீர் மட்டம் நிலையாக ஒரு மீட்டர் இறங்கினால், அடியில் உப்புநீர் ஏறக்குறைய 40 மீட்டர் ஏறும். கடற்கரைத் தெருவில் குளியலறைகளுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சிக்கொண்டே இருந்தால், அடுத்த தெருவின் கிணறு உப்புக் கரிக்கும். கடலில் குளித்தவர் உப்பைக் கழுவ அழுத்தினால் சில நொடிகளில் தானே நிற்கிற குழாய் போதும். திறந்துவிட்ட குழாய் வேண்டாம்.

குப்பைக்கு அதிகம் எழுதப்போவதில்லை. மணலில் இருக்கும் தொட்டிகளை எடுத்து, மக்கள் வண்டிக்குத் திரும்பும் வழியில் வையுங்கள். குப்பை வண்டியின் நேரத்தை மாற்றுங்கள்: திங்கள் காலை வருவதற்குப் பதில் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஒருமுறை, ஆறரைக்கு ஒருமுறை. நீங்கள் திங்கள் காலையில் பார்ப்பதில் பாதி, ஞாயிறு இரவு நிரம்பி வழிந்த தொட்டிகளிலிருந்து காற்றும் நாயும் காகமும் இழுத்துப் போட்டதுதான்.

பார்க்கிங் பணத்தில் முதல் செலவு லைஃப்கார்டுகளாக இருக்கட்டும். பகலில் வந்து போகிறவருக்கு உங்கள் கடலைத் தெரியாது. அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடம்தான் பல சமயம் நீரோட்டம் உள்ளே இழுக்கிற இடம். அவர் குழந்தையோடு அங்கேதான் இறங்குவார். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் குளிக்கலாம் என்ற முறை பல நாடுகளில் இருக்கிறது. ஆனால் கொடி மட்டும் போதாது, விசிலோடு ஆளும் நிற்க வேண்டும்.

‘கதவைச் சாத்து’ என்கிற உங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி. 1975இல் டாக்ஸி என்ற ஆய்வாளர் சுற்றுலா ஊர்களின் மனநிலையை நான்கு படிகளாகச் சொன்னார்: முதலில் உற்சாகம், பிறகு பழக்கப்பட்ட அலட்சியம், பிறகு எரிச்சல், கடைசியில் பகை. எல்லா ஊரும் இதே வரிசையில் போவதில்லை என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். இருந்தாலும் உங்கள் கடிதத்தில் மூன்றாம் படியின் வாடை அடிக்கிறது. பகைக்குப் போன ஊரில் எந்தத் திட்டமும் எடுபடாது. கடைக்காரர்களையும் மற்றவர்களையும் தனித்தனிக் கூட்டத்தில் சந்திக்காதீர்கள். ஒரே அறையில் உட்கார வைத்து, சுத்தம் செய்ய ஆகிற மொத்தச் செலவை முதல் தாளாகக் கொடுங்கள். அந்தத் தொகையை இதுவரை கடைக்காரர்களில் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

தீர்மானத்தை வெறுமனே தோற்கடித்தால் ‘இவர் வளர்ச்சிக்கு எதிரி’ என்ற பெயர்தான் மிஞ்சும். எனவே திருத்தம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சீசன் சோதனை, உள்தெருவுக்கு அனுமதி வில்லை, வரும் நேரத்தை ஒட்டிய பார்க்கிங் கட்டணம், முனையில் பலகை, வசூல் தனிக்கணக்கில். சீசன் முடிந்ததும் எண்களை வைத்துப் பார்க்கிங்கை மறுபடி விவாதிக்கலாம். ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பேருந்தில் கூட்டி வரலாம் என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கார்கள் நுழைய முடியாத பாதை அந்தப் பேருந்துக்கு இருந்தால் மட்டும். அதே நெரிசலில் அந்தப் பேருந்தும் நின்றால் இரண்டாவது ஞாயிறு யாரும் ஏற மாட்டார்கள்.

எண்களை இப்போதே எடுக்கத் தொடங்குங்கள். வாக்கெடுப்புக்கு முன் நான்கு ஞாயிறு இருக்கிறதல்லவா? ஊர் நுழையும் ஒவ்வொரு சாலையிலும் இருவர் உட்கார்ந்து, மணிக்கு மணி உள்ளே வந்த வண்டி, வெளியே போன வண்டி, பத்துக்கு ஒரு வண்டியில் எத்தனை தலை என்று குறித்தால் போதும். பொதுக் கழிவறையின் தண்ணீர் மீட்டரை அன்று காலையும் மாலையும் படித்து வையுங்கள். மழை பெய்தால் எண்ணுவதை விட்டுவிடாதீர்கள். கூட்டமே வராத ஒரு ஞாயிறு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் மற்ற மூன்றையும் எதோடாவது ஒப்பிட முடியும்.